‘விசில் ஏன்?’: ரக்பி ஆட்டத்தைத் தமிழில் உடனுக்குடன் எழுத வருபவர்களுக்கு

2023 அக்டோபர் 29, ஞாயிறு விடியற்காலை. பாரிஸில் அப்போது சனிக்கிழமை இரவு. உலகக் கிண்ண இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும். இங்கே கோலாலம்பூரின் செந்தூலில், மூன்று மணியிலிருந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் நியூசிலாந்தின் ஏரன் ஸ்மித் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தார். ரக்பியில் அதற்கு ‘ட்ரை’ என்று பெயர். கைப்பேசியை எடுத்துக் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவிலும் முகநூலிலும் ஒரே மூச்சில் தட்டிவிட்டேன்: “ட்ரை பண்ணிட்டான்!!!”

பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை நாலு மணிக்கே எழுந்துவிடுபவர். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: “ட்ரை பண்ணான், சரி. கிடைச்சிச்சா இல்லையா?”

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் ஆட்டத்தை நிறுத்தி, காணொளி நடுவரோடு பேச ஆரம்பித்தார். அந்த ட்ரைக்கு முன்னால், லைன்அவுட்டில், அதாவது ஓரக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும்போது, ஆர்டி சவேயாவின் கையில் பட்டுப் பந்து முன்னால் போயிருந்தது. ட்ரை ரத்து. அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி, கிடைக்கவில்லை. அதற்குள் என் பதிவை முகநூலில் நாலு பேர் பகிர்ந்துவிட்டிருந்தார்கள்.

ஆட்டத்தைத் தமிழில் உடனுக்குடன் எழுதுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கத்துவதற்கு ஆள் தேவையில்லை, திரையிலேயே எண்பதாயிரம் பேர் கத்துகிறார்கள். படிப்பவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இப்போது விசில் ஏன் அடித்தது? அதற்கு ஒரே வரியில், நல்ல தமிழில் பதில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கு எழுதுகிறோம்

முதல் வேலை, ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது. ஆட்டம் தெரிந்த நண்பரை வேண்டாம். அவர் தானே பார்த்துக்கொள்வார், உங்கள் பதிவைப் பிழை கண்டுபிடிக்கத்தான் படிப்பார். ஆட்டம் தெரியாத, ஆனால் உங்கள் மேல் பிரியமுள்ள ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அத்தை. சின்ன வயதில் தோட்டத்தில் சடுகுடு பார்த்து வளர்ந்தவர். ஒருவனை நாலு பேர் அமுக்குவது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தொடக் கை நீட்டுவது, இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரக்பியில் அவருக்குப் புரியாதது முரட்டுத்தனம் இல்லை, ஒழுங்குதான். இவ்வளவு அடித்துக்கொள்கிறவர்கள் ஏன் நடுவர் சொன்னதும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பத்து மீட்டர் பின்னால் போகிறார்கள் என்று கேட்பார்.

நல்ல கேள்வி. நடுவரிடம் பேசும் உரிமை ரக்பியில் வழக்கமாக அணித் தலைவருக்கு மட்டும்தான். எதிர்த்துப் பேசினால் தண்டனை உதை நிற்கும் இடம் இன்னும் பத்து மீட்டர் முன்னேறிவிடும். இப்படி ஒரு விஷயத்தை ஆட்டத்தின் நடுவே ஒரு வரியாகச் சொல்லிவிட்டால் போதும், அத்தை மாதிரி ஆட்கள் கடைசி வரை உங்களோடு இருப்பார்கள்.

ஐந்து, இரண்டு, மூன்று

புள்ளிக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு. போனால் இன்னும் 2. எதிரணி தவறு செய்ததற்குக் கிடைக்கும் தண்டனை உதையைக் கம்பத்துக்குள் அனுப்பினால் 3. ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்ட விட்டு உதைத்து உள்ளே போட்டால் அதற்கும் 3.

அத்தையின் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. கம்பத்துக்குள் உதைத்துப் பார்க்க, அதாவது ‘ட்ரை’ பண்ண, உரிமை மட்டும்தான் கிடைத்தது. பெயர் அப்படி வந்ததுதான். ஆக, தமிழர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் குழம்புவது ரொம்ப நியாயம். நான் இப்போது “ட்ரை போட்டாச்சு” என்றுதான் எழுதுகிறேன். ‘கோல் போட்டான்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

புள்ளிகளோடு இன்னொன்றையும் எழுதப் பழகுங்கள்: இப்போது இடைவெளி எத்தனை, அதை அடைக்க என்ன வேண்டும். “12-11” என்று மட்டும் போட்டால் அது வெறும் எண். “ஒரு புள்ளிதான் இடைவெளி, எந்த உதை உள்ளே போனாலும் தலைகீழ்” என்றால் அதுதான் ஆட்டம். 2023 இல் தென்னாப்பிரிக்கா காலிறுதியை 29-28, அரையிறுதியை 16-15, இறுதியை 12-11 என்று மூன்றையும் ஒரே ஒரு புள்ளியில் வென்றது. இறுதி ஆட்டத்தின் 12 புள்ளிகளும் ஹான்ட்ரே பொலார்ட் உதைத்த நாலு தண்டனை உதைகள். நியூசிலாந்தின் போடன் பேரட் ட்ரை போட்டார். அதற்குப் பின் வந்த 2 புள்ளி உதையை ரிச்சி மோஉங்கா தவறவிட்டார். கணக்குத் தெரியாதவருக்கு அந்த உதை ஒரு சின்ன விஷயம். கணக்குத் தெரிந்தவர் இன்னும் தூங்கவில்லை.

விசிலைப் படிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ரக்பிச் சட்டப் புத்தகத்தை முதலிலேயே எடுத்து உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். அதற்குப் பதில் நடுவரின் கையைப் பாருங்கள். என்ன தவறு, யாருக்கு லாபம் என்று இரண்டையும் கையாலேயே சொல்லிவிடுவார். திடலில் திரை இல்லை, வர்ணனை இல்லை. அந்தக் கைதான் உங்களுக்கு எல்லாம்.

முதலில் யாருக்கு என்று பாருங்கள். கையை நேராக நீட்டி மேல்நோக்கிச் சாய்த்து ஒரு பக்கம் காட்டினால், அந்தப் பக்கத்துக்குத் தண்டனை உதை. முழங்கையை மடக்கிக் காட்டினால் ஃப்ரீ கிக், கொஞ்சம் சின்னத் தவறு. இடுப்பு உயரத்தில் கையை நீட்டிக்கொண்டே ஓடினால், தவறு நடந்துவிட்டது, ஆனால் பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டம் சாதகமாகப் போகிறதா என்று பார்க்கிறார். இதற்கு ‘அட்வாண்டேஜ்’ என்று பெயர். புதியவர்கள் இதைக் கவனிக்காமல் “நடுவர் ஏன் விசில் அடிக்கல?” என்று கோபமாக எழுதி, ஐந்து விநாடியில் மாட்டிக்கொள்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ட்ரை என்றால் கை நேராக வானத்தைப் பார்க்கும்.

அடுத்தது காரணம். தலைக்கு மேலே கையை விரித்து முன்னும் பின்னும் ஆட்டினால், பந்து கையில் பட்டு முன்னால் போய்விட்டது என்று பொருள். இதுதான் நாக்-ஆன், ஆட்டத்தில் அடிக்கடி வருவது. ரக்பியில் கையால் பந்தைப் பின்பக்கமாகத்தான் கொடுக்கலாம். முன்னால் போக வேண்டுமென்றால் உதைக்க வேண்டும் அல்லது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் பாதி விசில் புரிந்துவிடும். இல்லாத பந்தை முன்னால் கொடுப்பது போல் கையை வீசினால், முன்னால் பாஸ் கொடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு நேரே கையைக் குறுக்கே நகர்த்தினால், உயரமாகப் பிடித்துவிட்டார்கள். தோளுக்கு மேலே கை போகக் கூடாது. சடுகுடுவில் காலைப் பிடிப்பவன்தான் கெட்டிக்காரன். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, குழந்தையை அணைப்பது போல் காட்டினால்? பிடிபட்டு விழுந்தவர் பந்தை விடவில்லை. விழுந்ததும் பந்தை விட்டுவிட வேண்டும், அது சட்டம். மாறாக, இரண்டு கையால் ஒருவரைக் கட்டிப் பிடித்து விரித்துவிடுவது போல் காட்டினால், பிடித்தவர் ஆளை விடவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. தெரிந்தபின் என் பதிவுகளே மாறிவிட்டன. “என்னமோ தண்டனை” என்று எழுதிய இடத்தில் “விழுந்தும் பந்தை விட மனசில்லை, விசில்” என்று எழுத வந்தது.

பயிற்சிக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய ஆட்டம் ஒன்றை இணையத்தில் எடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் நடுவரை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஒலியோடு பார்த்துச் சரிபாருங்கள். தொலைக்காட்சி ஆட்டங்களில் நடுவர் சட்டையில் ஒலிவாங்கி இருக்கும். அவர் பேசுவதே நமக்குக் கேட்கும். முதல் நாள் பாதி தப்பாக வரும். வரட்டும்.

எதைத் தமிழாக்குவது, எதை விட்டுவிடுவது

என் கருத்து கொஞ்சம் பழமையானதாக இருக்கலாம். ஆட்டக்காரர்கள் திடலில் கத்தும் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். ஸ்க்ரம் என்பதற்குத் ‘தள்ளுமுள்ளு’ என்று ஒருவர் எழுதினார். படித்தவர்கள் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். ‘ஸ்க்ரம், எட்டுக்கு எட்டு தள்ளுகிறார்கள், சிவப்பு பின்வாங்குகிறது’ என்றால் சொல்லும் இருக்கிறது, படமும் இருக்கிறது.

மால் என்ற சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். நின்றபடியே பந்தோடு ஒருவரை எல்லாரும் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு ரக்பியில் அதுதான் பெயர். “மால் அப்படியே நகருது, பத்து மீட்டர் போயாச்சு, சரியுது சரியுது!” என்று ஒரு சனிக்கிழமை எழுதினேன். மிட் வேலி பேரங்காடியில் ஏதோ விபத்து என்று நினைத்து என் சித்தி மகள் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். இப்போது ‘மோல்’ என்று எழுதுகிறேன், முதல் தடவை வரும்போது ‘தேர் நகர்வது போல’ என்று சேர்த்துவிடுகிறேன். தைப்பூசத்தை ஒட்டி இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலைக்குத் தேர் புறப்படுவதைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நிறுத்த முடியாது.

ரக் என்பது வேறு. பந்து தரையில் கிடக்கும், அதன் மேல் இரண்டு பக்கத்து ஆட்களும் நின்று தள்ளுவார்கள். ரக் அமைந்தபின் கையால் பந்தை எடுக்கக் கூடாது, பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பக்கவாட்டில் புகுந்தால் விசில். “கல்யாண வீட்டில் பந்திக்குப் பக்கவாசல் வழியா நுழைஞ்ச கதை” என்று ஒரு முறை எழுதினேன். அந்தப் பதிவுக்குத்தான் இதுவரை அதிகம் சிரிப்பு வந்திருக்கிறது.

அப்புறம், எழுத்துக்கூட்டல். நாம் ரக்பி என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் றக்பி என்று எழுதுவார்கள். அங்கே பள்ளி ரக்பிக்குப் பெரிய கூட்டம் உண்டு, உங்கள் பதிவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாசகர் வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எனவே குறிச்சொல்லில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

முதுகில் இருக்கும் எண்

கால்பந்து மாதிரி விருப்பப்பட்ட எண் போட்டுக்கொள்வது பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் கிடையாது. எண்தான் வேலை. 1 முதல் 8 வரை முன்கள முரடர்கள், ஸ்க்ரம் தள்ளுபவர்கள். 2 ஹூக்கர், ஸ்க்ரமில் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர்; இடைநிலைப்பள்ளியில் நான் ஆடிய இடம், அதாவது ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்த இடம். 9 பந்தை எடுத்துக் கொடுப்பவர், எப்போதும் வாய் ஓயாது. 10 ஆட்டத்தை நடத்துபவர். 11, 14 ஓரத்தில் ஓடும் வேகக்காரர்கள், அதாவது விங். 15 கடைசிக் காவல். 16 முதல் 23 வரை மாற்று ஆட்டக்காரர்கள்.

இதனால் உங்களுக்கு ஒரு வசதி. பெயர் தெரியாவிட்டாலும் எழுதலாம். “நீலத்தின் 14 ஓரத்தில் பறந்தார், 15 மட்டும்தான் எதிரே” என்றால் ஆட்டம் தெரிந்தவருக்கு முழுப் படமும் கிடைத்துவிடும். அடையாளம் தெரியாத ஆளுக்குத் தப்பான பெயர் வைப்பதைவிட எண் எவ்வளவோ மேல்.

முதல் ஆட்டத்தைத் திடலில் பாருங்கள்

பலர் நேராக உலகக் கிண்ணத்தில் தொடங்குகிறார்கள். வேண்டாம். அங்கே உலகமே எழுதுகிறது, உங்கள் பதிவை யார் தேடி வருவார்கள்? உள்ளூர் ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே எழுதும் ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். விங்காக ஓடும் பையனின் அம்மா வேலையிடத்திலிருந்து உங்கள் பதிவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் பக்கத்தில் ரக்பிக்குப் பஞ்சமில்லை. 1921 இல் இங்கே வந்த எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் ஆட்கள் கால்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என்று இரண்டு கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கால்பந்துக் கிண்ணத்தின் கதை எல்லாருக்கும் தெரியும், ரக்பிக் கிண்ணத்தைக் கேட்டால் விழிப்பார்கள். பத்துப் பேர் ஆடும் ‘டென்ஸ்’ ஆட்டம் பிறந்ததே மலேசியாவில்தான். 1960களின் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா மன்றம் தொடங்கி வைத்தது. பெயரைப் பார்த்துப் பாம்பு என்று நினைக்காதீர்கள், பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் அவை. ராயல் சிலாங்கூர் கிளப்பின் ஜோனா ஜோன்ஸ் செவன்ஸ் போட்டி, எம்.எஸ்.எஸ்.எம். பள்ளிப் போட்டிகள், கோலகங்சார் மலாய்க் கல்லூரியின் பிரீமியர் செவன்ஸ் என்று எழுத இடம் நிறைய இருக்கிறது. தேதிகளை அந்தந்த மன்றங்களின் பக்கங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் செவன்ஸில் தொடங்க ஆசைப்படுவார்கள், ஏழே பேர்தானே என்று. ஏமாந்துவிடாதீர்கள். பாதிக்கு 7 நிமிடம்தான். நீங்கள் ஒரு வரி தட்டி நிமிர்வதற்குள் இரண்டு ட்ரை போயிருக்கும். டென்ஸ் பாதிக்கு 10 நிமிடம், அதுவும் ஓட்டம்தான். எழுதிப் பழக 80 நிமிட ஆட்டம்தான் சரி. ஸ்க்ரம் அமைக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் ஒரு வரியைத் திருத்திவிடலாம்.

கையில் என்ன வேண்டும்? குடை, பவர் பேங்க், ஒரு சின்ன நோட்டு, பென்சில். கோலாலம்பூரில் மாலை நாலு மணி ஆட்டம் என்றால் மழையையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் ஆட்டம் நிற்கும், நிற்கவும் வேண்டும். நனைந்த கைப்பேசித் திரையில் தமிழ் தட்டுவது போன்ற வேதனை வேறில்லை; ‘ட்ரை’ என்று அடித்தால் ‘டிரைவர்’ என்று வரும். நோட்டில் நேரம், எண், என்ன நடந்தது என்று மூன்றையும் கிறுக்கி வைத்துக்கொண்டு, கூரைக்கு வந்து தட்டுங்கள். பென்சில் ஏன் என்றால், நனைந்த தாளில் பேனா எழுதாது.

ஆட்ட நாளில்

எழுதும் கருவியை முந்தின நாளே சரி செய்துகொள்ளுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என் கைக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு எது பழக்கமோ அது. கைப்பேசியில் சுருக்கெழுத்து அமைக்கும் வசதி இருக்கும். ‘தஉ’ என்று தட்டினால் ‘தண்டனை உதை’ என்று வரும்படி பத்துச் சொற்களுக்கு வைத்துக்கொண்டால் ஆட்டத்தில் உயிர் பிழைப்பீர்கள்.

எக்ஸ் தளத்தின் இலவசக் கணக்கில் 280 எழுத்துதான் எல்லை. அதில் நம் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே கணக்கில் சேர்கின்றன. ‘ட்ரை’ நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நாலு. முப்பது சொல்லைத் தாண்டினால் இடம் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நல்லதாகவே போயிற்று, வளவளப்பு குறைந்தது.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்? நிமிடம், அணிகள், புள்ளி, அப்புறம் ஒரே ஒரு காட்சி. ஒரே தருணத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

“சூப்பர் ட்ரை!!! என்னா ஓட்டம்!!! நீலம் மாஸ்!!!”

“53’ நீலம் 17–15 சிவப்பு. ஸ்க்ரமில் இருந்து 9 வெளியே போடுவது போல் காட்டி தானே ஓடினார். மூன்று பேர் 10-ஐப் பிடிக்கப் போய்விட்டார்கள். ட்ரை போட்டாச்சு, உதையும் உள்ளே. முதன்முறையாக நீலம் முன்னால்.”

முதலாவதை எழுதியவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. இரண்டாவதைப் படித்தவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டார். ஆதரவாளர் என்றால் கத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். கத்தலாம். ஆட்டத்துக்கு இரண்டு தடவை என்று நான் எனக்கு அளவு வைத்திருக்கிறேன். சில நாள் முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டும் தீர்ந்துவிடும்.

நிமிடத்துக்கு ஒரு பதிவும் வேண்டாம். 80 நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து போதும். எல்லாவற்றையும் ஒரே இழையில் கோத்துவிடுங்கள். தாமதமாக வருபவர் மேலிருந்து படித்துக்கொள்வார். குடும்பப் புலனக் குழுவில் இருபத்தைந்து செய்தி போட்டால் பெரியப்பா உங்களை நீக்கிவிடுவார். அங்கே இடைவேளையில் ஒன்று, முடிவில் ஒன்று.

காயத்துக்காக ஆட்டம் நிற்கும் இடைவெளிக்கு ஒன்றிரண்டு கதை கையில் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது கல்கத்தா கிண்ணம். 1878 இல் கல்கத்தாவின் ரக்பிக் கழகத்தைக் கலைத்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாகங்கள்தான் கைப்பிடி, மூடியின் மேல் யானை. 1879 இலிருந்து அதற்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்கின்றன. நம்மூர் நகைக்கடைக்காரர் செய்தது போலவே இருக்கும், படத்தைத் தேடிப் பாருங்கள்.

தொலைக்காட்சி ஆட்டங்கள்

நேரக் கணக்கில்தான் முதலில் வழுக்குவீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஐரோப்பாவின் ஆறு அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்டம் லண்டனில் சனிக்கிழமை மாலை 4.45 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.45, அதாவது ஞாயிறு. “சனிக்கிழமை ஆட்டம், வாருங்கள்” என்று அறிவித்துவிட்டு ஒரு நாள் முன்னதாகவே தனியாக உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. மலேசிய நேரத்தையும் கிழமையையும் சேர்த்தே போடுங்கள்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்குப் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அரங்கில் இருப்பவர் முந்திவிடுவார். அவரோடு போட்டி போட்டுப் பயனில்லை. உங்கள் பலம் வேகம் இல்லை, விளக்கம். ட்ரை என்று தோன்றினால் “கோட்டைத் தாண்டிட்டார், காணொளி நடுவர் பார்க்கிறார்” என்று எழுதி நிறுத்துங்கள். நடுவரின் கை மேலே போன பிறகு புள்ளியை மாற்றலாம். மஞ்சள் அட்டைக்கும் இதே பொறுமை வேண்டும். மஞ்சள் என்றால் 10 நிமிடம் வெளியே; ஆனால் பெரிய போட்டிகளில் அந்த இடைவெளியில் படத்தை மறுபடி பார்த்துச் சிவப்பாக உயர்த்தவும் முடியும். 2023 இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேனுக்கு அப்படித்தான் நடந்தது. ஆண்கள் உலகக் கிண்ண இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் அவர்.

தப்பாகப் போட்டுவிட்டால் அழிக்காதீர்கள். “திருத்தம்: ட்ரை ரத்து, பந்து முன்னால் போயிருந்தது” என்று கீழேயே எழுதுங்கள்.

ஒளிபரப்புத் துண்டுகளை வெட்டிப் போடாதீர்கள். அதற்கு உரிமை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பதிவு போகும், சில நேரம் கணக்கே போகும். திடலில் நீங்களே எடுத்த படம் போதும்.

தொடக் கூடாத இடங்கள்

தலையில் அடிபட்டு ஒருவர் விழுந்தால் விரலை எடுத்துவிடுங்கள். பெரிய ஆட்டங்களில் அவரை வெளியே அழைத்துப்போய்ச் சோதிக்க 12 நிமிடம் தருகிறார்கள். உள்ளூர் ஆட்டத்தில் சந்தேகம் என்றாலே அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. “நடிக்கிறான்” என்று எழுதுவது கால்பந்துப் பழக்கம், இங்கே கொண்டு வராதீர்கள். என்ன காயம் என்று ஊகிக்கவும் வேண்டாம். அந்த அம்மா படித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேனே. “எழுந்து நடந்தார்” என்ற வரியை மட்டும் கூடிய சீக்கிரம் போடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம் என்றால் எண் மட்டும். பெயரும் முகமும் போட வேண்டுமானால் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டுவிட்டு. பந்தைத் தவறவிட்ட பதினைந்து வயதுப் பையனைக் கிண்டல் செய்து ஒரு வரி எழுதினால், திங்கட்கிழமை வகுப்பில் அவன் அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் ஆட்டப் பதிவில் இழுக்காதீர்கள், பின்னூட்டத்தில் வேறு யாராவது இழுத்தாலும் உடனே நீக்குங்கள். மலேசியாவின் 1998 ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், மிக மோசமாகப் புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கும் 233 ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, விளையாட்டுப் பக்கம் என்று அது விலக்கு கொடுக்காது.

அடுத்து என்ன வருகிறது

2027 உலகக் கிண்ணம் ஆஸ்திரேலியாவில், அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை. முதன்முறையாக 24 அணிகள். ஆசியாவிலிருந்து ஜப்பானோடு ஹாங்காங்கும் முதல் தடவையாகப் போகிறது. நமக்கு இது பொற்காலம். பெர்த் நகரத்துக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே நேரம், தொடக்க ஆட்டம் அங்கேதான். சிட்னியில் கோடை நேரம் தொடங்கியதும் நம்மைவிட 3 மணி நேரம் முன்னால் போய்விடும். அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் நமக்கு மாலை ஐந்து. மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்து எழுதலாம், அலாரம் வேண்டாம்.

அத்தையிடம் சொன்னேன். “விடியக்காலையில இல்லையா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். மாலை ஐந்து மணிக்கு அவருக்கு நாடகம் இருக்கிறதாம்.